கப்சாயும் நெம்புருளும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, பள்ளி மணி அடித்துச் சிறிது நேரம் கழிந்தபின், பாகான் நக்கோடா ஓமாரில் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் என் அறை வாயிலில் வந்து நின்றார். கையில் எண்ணெய்க் கறை. முகத்தில் தயக்கம். “சார், பாலர் பள்ளிப் பிள்ளைகள் உருட்டி விளையாடும் வண்ணக் களிமண் இரண்டு துண்டு கிடைக்குமா?” என்று கேட்டார். எதற்கு என்றேன். “கேம் பார்க்க வேண்டும், சார்” என்றார்.

களிமண்ணுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன உறவு என்று எனக்கு அன்று விளங்கவில்லை. கொடுத்தனுப்பினேன். பின்னர் அவருடைய பட்டறைக்கே சென்று, அரை நாள் அமர்ந்து, அவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கற்பிக்கும் முறையைக் கற்றவன் நான். கற்றுக்கொள்ளும் முறையை என் மாணவரிடம் அன்று மீண்டும் கற்றேன் என்று சொல்வது மிகையாகாது. அந்த அரை நாளின் பயனே இக்கட்டுரை.

நம் நாட்டுத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலிலிருந்து தொடங்குவர். காடழித்த வரலாற்றையும் பால்மரத்தையும் லயத்தையும் கோயிலையும் பள்ளியையும் சொல்வர். இவை யாவும் எழுதப்பட வேண்டியவையே. ஆயினும், லயத்து வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளும் நம் வரலாற்றில் ஒரு பாத்திரமே. அதன் எஞ்சினுக்குள் கட்டை விரல் பருமனில் சுழலும் ஓர் இரும்புத் தண்டு, நம் இளைஞர் பலரின் கனவையும் தொழிலையும், சிலரின் உயிரையும் தீர்மானித்திருக்கிறது. அத்தண்டின் வரலாற்றைத் தமிழில் சொல்ல முற்படுவது தகும்.

சொல்லும் பொருளும்

பட்டறையில் அதனைக் ‘கேம்’ என்பர். கலைச்சொல் தொகுத்தோர் ‘நெம்புருள்’ என்றனர். அது பொருந்திய தண்டினை ‘நெம்புருள் தண்டு’ என்றனர். நெம்புதல் என்பது தூக்கிவிடுதல். உருள் என்பது உருள்வது. உருண்டுகொண்டே நெம்புவது நெம்புருள். சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றித் தருவதே அதன் பணி. வட்டமான ஓர் உருளையின் ஒரு பக்கம் முட்டையின் கூர்முனைபோல் துருத்தி நிற்கிறது. சுழலும்போது அம்முனை எதிரில் உள்ளதைத் தள்ளுகிறது. முனை விலகியதும் தள்ளப்பட்டது பழைய இடத்திற்கு மீள்கிறது. இவ்வளவே அதன் இலக்கணம்.

இக்கருவி மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. சீன நாட்டில் ஹான் மரபினர் ஆண்ட காலத்திலேயே நீரோட்டத்தால் சுழலும் அச்சில் முனைகளைப் பொருத்தி, அவை உலக்கைகளைத் தூக்கித் தூக்கி விடுமாறு செய்து நெல் குற்றினர். செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களைக் கடந்து நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்வு தருகிறது. நம் பாட்டியர் கையால் தூக்கிய உலக்கையை அங்கே ஆறு தூக்கியது, தூக்கிவிட்டது நெம்புருள். பின்னர், 1206ஆம் ஆண்டில் தம் நூலை முடித்த அல்-ஜசரி என்னும் பொறிஞர், தாமாக இயங்கும் பொம்மைகளிலும் நீர்ப்பொறிகளிலும் நெம்புருள் தண்டினைக் கையாண்டார். ஐரோப்பியர் இரும்படிக்கும் சம்மட்டிகளை இதே முறையில் ஆற்று நீரால் இயக்கினர்.

நெல் குற்றிய கருவி நெருப்பின் பணிக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ நால்வீச்சு எஞ்சினை வெற்றிபெறச் செய்தார். காற்றும் எரிபொருளும் உள்ளே வருதல், அவை அமுக்கப்படுதல், எரிந்து பிஸ்டனைத் தள்ளுதல், புகை வெளியேறுதல் என நான்கு வீச்சுகள். உள்ளே விடும் கதவு ஒன்று; வெளியே விடும் கதவு ஒன்று. அவையே வால்வுகள். தொடக்கக் கால எஞ்சின்கள் பலவற்றில் உள்வால்வு, பிஸ்டன் இழுக்கும் உறிஞ்சலால் தானே திறந்தது. வெளிவால்வை மட்டுமே நெம்புருள் திறந்தது. வேகம் கூடக் கூட, தானே திறக்கும் கதவு காலந்தாழ்த்தியது. ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் இரு கதவுகளின் சாவியும் நெம்புருளின் கைக்கே வந்து சேர்ந்தது.

கதவைத் திறக்கும் காலம்

இங்குச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். நால்வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால் நெம்புருள் தண்டு ஒருமுறை சுழலும். நிமிடத்திற்கு 9,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்திற்கு 4,500 முறை, அதாவது நொடிக்கு 75 முறை திறந்து மூட வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு. அது நகரத் தொடங்கவும் காலம் வேண்டும், நிற்கவும் காலம் வேண்டும். எனவே, பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே உள்வால்வைத் திறக்கத் தொடங்கி, பிஸ்டன் அடியைத் தொட்டு மேலே திரும்பிய பின்னும் சிறிது நேரம் திறந்தே வைப்பர். ஓடிவரும் காற்று தன் வேகத்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே புகும்.

எடுத்துக்காட்டாக, உச்சிக்கு 10 பாகை முன்னே திறந்து, அடிக்கு 40 பாகை பின்னே மூடும் நெம்புருளைக் கொள்வோம். 10, 180, 40 ஆகியவற்றைக் கூட்டினால் 230 பாகை. இதுவே அவ்வால்வு திறந்திருக்கும் காலம். பந்தயத்திற்கெனச் செய்த மற்றொன்று 35 பாகை முன்னே திறந்து 65 பாகை பின்னே மூடுமாயின், அதன் காலம் 280 பாகை. வால்வு எவ்வளவு உயரம் தூக்கப்படுகிறது என்பது இரண்டாம் அளவு. புகை வெளியேறி முடியுமுன் உள்வால்வும் திறந்து, இரு கதவுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் இடைவேளை மூன்றாம் அளவு. இம்மூன்றையும் அறிந்தவன் நெம்புருளைப் படிக்கத் தெரிந்தவன்.

நீண்ட நேரம் திறந்திருந்தால் நன்மைதானே என்று மாணவர் கேட்பர். அங்கேதான் இயற்கை தன் விலையைக் கேட்கிறது. மிகு வேகத்தில் பாய்ந்து வரும் காற்றுக்கு நீண்ட காலம் நன்று. குறைந்த வேகத்தில், பிஸ்டன் மேலேறும்போது மூடாதிருக்கும் கதவின் வழியே வந்த காற்றே திரும்பிச் செல்லும், அமுக்கம் குறையும், முறுக்குவிசை தளரும், ஓய்வு ஓட்டத்தில் எஞ்சின் விக்கி விக்கி நிற்கும், பெட்ரோலும் வீணாகும். உயரத்தில் பெறுவதைப் பள்ளத்தில் இழக்க வேண்டும். ஆதலின், எல்லார்க்கும் எல்லாப் பணிக்கும் சிறந்த நெம்புருள் என்று ஒன்று இல்லை. இப்பணிக்கு இது என்று தேர்வதே உண்டு.

பந்தயக் களத்தில் கற்ற பாடம்

இத்தேர்வு ஒரு கலையாக வளர்ந்தது பந்தயக் களத்தில். இங்கிலாந்தின் வெலோசெட் நிறுவனத்தார் 1925ஆம் ஆண்டில் நெம்புருள் தண்டினை எஞ்சினின் தலைமேலேயே ஏற்றி வைத்த மோட்டார் சைக்கிளைக் கொணர்ந்தனர். அதற்கு முன் கீழே இருந்த நெம்புருள், நீண்ட கோல்களின் வழியே வால்வைத் தள்ளிற்று. கோல் வளையும், எடை கூடும், வேகத்தில் வால்வு நெம்புருளின் வடிவத்தைப் பின்பற்றாது மிதக்கும். வெலோசெட்டார் விட்டு விட்டு ஒளிரும் விளக்கின் துணையால் ஓடும் எஞ்சினின் வால்வுகளை நின்றவைபோல் கண்டு, மிதப்பை நேரில் அறிந்து, நெம்புருளின் வடிவைத் திருத்தினர். 1926ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தின் ஜூனியர் பிரிவில் அலெக் பென்னெட் அவ்வண்டியில் பத்து நிமிடத்திற்கு மேற்பட்ட முன்னிலையில் வென்றார். கூடுதல் இரும்பு வென்றதில்லை. கூர்ந்து பார்த்த கண் வென்றது.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் பழைய கார்களை வேக வண்டிகளாக்கும் இளைஞர் கூட்டம் பெருகியது. எட் இஸ்கெண்டேரியன் என்பார் 1946ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நெம்புருள் தேய்க்கும் தொழிலைத் தொடங்கினார். கடையில் விலை கொடுத்துத் தேர்ந்து வாங்கும் பொருளாக நெம்புருள் ஆனதற்கு இத்தகையோரே காரணர்.

தமிழ் மண்ணிலும் இதற்கொரு கிளைக்கதை உண்டு. 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்தன. திருவொற்றியூரில் புல்லட் உருவாயிற்று. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் நீளமும் உடைய அதன் உருளை, குறைந்த சுற்றிலேயே வலிமை காட்டுவது. அதன் இரு நெம்புருள்களும் கீழே பற்சக்கரங்களால் சுழன்று, கோல்களால் வால்வைத் தள்ளுபவை. மிகு வேகத்திற்கு அஃது ஏற்றதன்று. பாரம் சுமந்து மலையேறுவதற்கு ஏற்றது. இராணுவமும் காவல்துறையும் அதனை விரும்பியதில் வியப்பில்லை. அதே சென்னையில், 1953ஆம் ஆண்டில் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தியது. பாரத்திற்குப் பிறந்த வண்டியையும் வேகத்திற்கு மாற்ற முனைவோர் எங்கும் இருப்பர் போலும்.

ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா என்பார் ஒரு கொல்லரின் மகன். 1922ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஒரு மோட்டார் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். தம் நிறுவனம் இன்னும் காலூன்றாத 1954ஆம் ஆண்டில், மான் தீவுப் பந்தயத்தில் கலந்துகொள்வோம் என்று அறிவித்தார். 1959இல் அவர் அணி முதன்முறையாகச் சென்று, 125 சிசி பிரிவில் ஆறாமிடமும் அணிப் பரிசும் பெற்றது. 1961இல் மைக் ஹெயில்வுட் ஓட்டிய ஹோண்டா வண்டிகள் 125, 250 சிசி ஆகிய இரு பிரிவுகளிலும் வென்றன. சின்னஞ்சிறு உருளையை மிகு சுற்றில் ஓட்டித் திறன் பெறும் வித்தையை அவர்கள் அங்கே பழகினர். அவ்வித்தையின் எளிய வடிவம் நம் லயத்து வாசலுக்கும் வந்தது.

தோட்டத்திற்கு வந்த கப்சாய்

1958ஆம் ஆண்டில் ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்தது. 49 சிசி எஞ்சின். நான்கு குதிரைத்திறனுக்குச் சற்றே கூடுதல். அதுவும் நிமிடத்திற்கு 9,500 சுற்றில். முதலில் வந்தது கோல்களால் வால்வு தள்ளும் வகை. 1960களின் நடுவில் நெம்புருள் தலைக்கு ஏறிற்று. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ என்னும் வணிகர் ஹோண்டா வண்டிகளை நம் நாட்டிற்குக் கொணர்ந்து பரப்பினார். முதியோர் பலர் ஹோண்டா என்று சொல்லாமல் ‘பூன் சியூ மோட்டார்’ என்றே சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம். ‘கப்’ என்ற பெயருடன் சிறியது எனப் பொருள்படும் சீனச்சொல் ஒட்டி, ‘கப்சாய்’ என்ற சொல் பிறந்தது. ஜப்பானிய வண்டி, ஆங்கிலப் பெயர், சீன விகுதி, மலாய் வழக்கு, தமிழ்ப் பயணி. இந்நாட்டின் வரலாறு ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

கோலசிலாங்கூர் மாவட்டம் தோட்டத்தொழிலின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகிய தென்னமரம், 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியர் என்னும் பிரெஞ்சுக்காரரால் இம்மாவட்டத்தில்தான் உருவாக்கப்பட்டது. அன்று தொழிலாளி நடந்தார். பின்னர் மிதிவண்டி மிதித்தார். பின்னர் கப்சாய் வாங்கினார். விடியுமுன் பிரட்டுக் களத்திற்கும், பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கும், மாட்டுக்குப் புல் அறுத்துக் கட்டிக்கொண்டு வீட்டிற்கும், நோயாளியைப் பின்னால் அமர்த்தித் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கும் அவ்வண்டியே சென்றது. மண் சாலையில், மூவர் பாரத்தோடு, மெல்லிய சுற்றில், நிற்காது இழுக்க வேண்டிய வண்டி அது. ஹோண்டாவின் பொறிஞர் அதற்கிட்ட அடக்கமான நெம்புருள் அப்பணிக்கே ஏற்றதாக அமைந்தது. என் தந்தையார் இருபது ஆண்டு ஓட்டினார். அதனுள் நெம்புருள் இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. நல்ல தேர்வுக்கு அதைவிடச் சான்று வேண்டா.

1980, 1990களில் இளைஞரின் மனம் இருவீச்சு எஞ்சினைக் கொண்ட யமஹா, சுசூகி வண்டிகளுக்கு மாறியது. அவற்றில் வால்வும் இல்லை, நெம்புருளும் இல்லை. உருளைச் சுவரின் துளைகளே கதவுகள். வேகம் வேண்டுவோர் அத்துளைகளை அரத்தால் தேய்த்து அகலப்படுத்தினர். 1994ஆம் ஆண்டில் மலேசியக் கப் பிரிக்ஸ் பந்தயம் தொடங்கியது. சிறு நகரங்களின் தெருக்களிலும் திடல்களிலும் நடந்த அப்பந்தயம், கம்பத்துப் பட்டறைக்காரனுக்கும் ஒரு களம் உண்டு என்று காட்டியது. அதில் பழகிய ஹாஃபிஸ் ஷாரின் 2018ஆம் ஆண்டில் உலக மோட்டோஜிபி பிரிவில் ஓட்டிய முதல் மலேசியரானார்.

இருவீச்சு எஞ்சினின் புகை அதற்குப் பகையாயிற்று. மாசுக் கட்டுப்பாட்டின் காரணமாக நால்வீச்சு எஞ்சின் மீண்டும் அரியணை ஏறியது. 2006ஆம் ஆண்டில் யமஹா 135எல்சி வந்தது. நீரால் குளிர்வது, நான்கு வால்வுகள், தலைமேல் ஒற்றை நெம்புருள் தண்டு. அரம் பிடித்துப் பழகிய கைகளுக்கு முன் புதிய பாடம் வைக்கப்பட்டது. துளையைத் தேய்க்கக் கற்றவர்க்கு, காலத்தைத் தேய்க்கத் தெரியவில்லை. கடைகளிலோ பந்தய நெம்புருள்கள் அடுக்கடுக்காக வந்து குவிந்தன, தாய்லாந்திலிருந்தும் வந்தன. வாங்குவது எளிதாயிற்று, தேர்வது அரிதாகவே இருந்தது.

ஒரு விபத்தும் ஒரு கேள்வியும்

2011ஆம் ஆண்டில், என்னிடம் ஆறாண்டு பயின்று இடைநிலைப் பள்ளிக்குச் சென்றிருந்த ஒரு பதினேழு வயது இளைஞர், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் பந்தய நெம்புருள் ஒன்று வாங்கினார். இருப்பவற்றுள் பெரியது எதுவோ அதையே கேட்டு வாங்கினார். பழைய ஸ்பிரிங்குகள் அப்படியே இருந்தன. யாரோ ஒருவர் பொருத்திக் கொடுத்தார். ஒருவரும் எதையும் அளக்கவில்லை. கூட்டரசு ஐந்தாம் எண் சாலை சுங்கை பெசாருக்கும் சபாக் பெர்ணாமுக்கும் இடையே தட்டையானது, நேரானது, வேகத்தை அழைப்பது. அங்கே ஓர் இரவு அவ்வண்டியின் வால்வு பிஸ்டனைத் தொட்டது. எஞ்சின் இறுகியது, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தார். கால் முறிந்தது. அவ்வாண்டு எஸ்.பி.எம். தேர்வை அவர் எழுதவில்லை.

மருத்துவமனையில் அவரைக் கண்டபோது நான் கடிந்தேன். படிப்பை விட்டு இரும்பின் பின்னால் ஓடியதன் பலன் இதுவென்று சொன்னேன். அவர் தலை குனிந்தவாறே, “எந்தக் கேம் போடணும்னு யாரும் சொல்லிக் கொடுக்கல, சார்” என்றார். அது சாக்குப்போக்கு என்று அன்று எண்ணினேன். உண்மையென்று உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பாகையை நான் கற்பித்தேன், கூட்டலைக் கற்பித்தேன், அவை அவர் கையிலிருந்த இரும்போடு பேசும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

நம் நாட்டுச் சாலைகளில் இறப்போரில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றோர். ஊரார் ‘மாட் ரெம்பிட்’ என்று பழித்து முடித்துவிடுவர். பழித்தல் எளிது. பதினேழு வயதில் கையில் இரும்பும் மனத்தில் வேகமும் உடையவனுக்கு அளவுகோலைக் கொடுக்க வேண்டியோர் யாவர் என்பதே நம்முன் உள்ள வினா.

தேர்வு முறை

களிமண் கேட்டு வந்தவர் அந்த இளைஞரேதான். கால் தேறியபின் தொழிற்பயிற்சி பெற்று, பல பட்டறைகளில் வேலை செய்து, சொந்தமாக ஒன்று தொடங்கியிருந்தார். அவருடைய பட்டறையில் நான் கண்ட முறையை இங்கே தொகுத்துரைக்கிறேன்.

வாடிக்கையாளர் பந்தய நெம்புருள் வேண்டுமென்று வந்தால், அவர் முதலில் கேட்பது வண்டி என்ன வேலை செய்கிறது என்பதே. தினமும் செம்பனைக் காட்டுக்குள் செல்வதா, கிள்ளானுக்கு வேலைக்கு ஓடுவதா, பந்தயத் திடலுக்கா? எந்தச் சுற்றில் எஞ்சின் பெரும்பாலும் ஓடுகிறதோ, அச்சுற்றில் பலம் தரும் நெம்புருளே ஏற்றது. சாலை வண்டிக்கு ஏதேனும் மாற்றித்தான் ஆக வேண்டுமெனில், காலத்தைச் சிறிதளவே நீட்டி, உயரத்தை ஓரளவு கூட்டியதே போதும் என்பது அவர் முடிவு. கீழ்ச்சுற்றின் இழுவை அதில் அதிகம் கெடாது.

இரண்டாவது, நெம்புருள் தனித்து வாழாது. காலம் நீண்டால் அமுக்கம் தளர்கிறது. அதை ஈடுசெய்யப் பிஸ்டனும் மாற வேண்டியிருக்கும். கதவு பெரிதாகத் திறந்தால் கார்புரேட்டரும் புகைக்குழாயும் அதற்கேற்பக் காற்றை விட வேண்டும். பலம் மேற்சுற்றிற்கு ஏறிவிட்டால் சங்கிலிச் சக்கரத்தின் பற்களையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது, ஒரு காலுக்கு மட்டும் செருப்பணிவது போன்றது.

மூன்றாவது ஸ்பிரிங். வால்வை மூடுவது நெம்புருளன்று, ஸ்பிரிங்கே. அது வலுவிழந்தால், வால்வு மிதந்து பிஸ்டனின் வழியில் நிற்கும். உயரம் கூடிய நெம்புருளில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று முட்டி இறுகவும் கூடும். வேண்டுமளவுக்கு மேல் கடுமையான ஸ்பிரிங் போட்டாலோ, நெம்புருளின் முனையும் ராக்கரும் தேய்ந்துபோகும்.

நான்காவது அளத்தல். இங்கேதான் நம் பள்ளிப் பொருள்கள் பட்டறைக்கு வருகின்றன. கிராங்க் தண்டின் முனையில் முழுவட்டப் பாகைமானி ஒன்றைப் பொருத்தி, கம்பியைச் சுட்டுமுள்ளாக வைத்து, வால்வு எந்தப் பாகையில் திறக்கிறது, எந்தப் பாகையில் மூடுகிறது என்று கையால் சுழற்றிக் குறிக்கிறார். பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை அவர் நம்புவதில்லை. தாம் அளந்த எண்ணையே நம்புகிறார். பின்னர், பிஸ்டனின் உச்சியில் களிமண்ணைத் தட்டையாக ஒட்டி, தலையை மூடி, எஞ்சினைக் கையால் மெல்ல இருமுறை சுழற்றுகிறார். மீண்டும் திறந்தால், வால்வுகள் களிமண்ணில் பதிந்த தடம் தெரிகிறது. அத்தடத்தின் மெல்லிய இடத்தைக் கத்தியால் அறுத்து அளக்கிறார். உள்வால்வுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரும், வெப்பத்தில் நீளும் வெளிவால்வுக்கு இரண்டு மில்லிமீட்டரும் இடைவெளி இல்லையெனில், அந்நெம்புருளைப் பொருத்த மறுத்துவிடுகிறார். 2011ஆம் ஆண்டில் யாரேனும் இருபது நிமிடம் செலவிட்டு இதைச் செய்திருந்தால், ஒரு கால் முறிந்திராது. ஒரு தேர்வு தவறியிராது.

ஐந்தாவது சட்டம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, வண்டியின் அமைப்பை மாற்ற அத்துறையின் ஒப்புதல் வேண்டும்; பொதுச்சாலையில் பந்தயம் குற்றம். பந்தய நெம்புருளின் இடம் பந்தயத் திடலே என்று அவர் வருவோர்க்கு எடுத்துச் சொல்கிறார். சிலர் கேட்கின்றனர். சிலர் வேறு பட்டறையைத் தேடிச் செல்கின்றனர். இழந்த வாடிக்கையாளரைப் பற்றி அவர் வருந்துவதில்லை. அவர்களுடைய வண்டிகளைப் பற்றி வருந்துகிறார்.

காலத்தின் விடை

பழைய சிக்கலுக்குப் பொறியியல் அண்மையில் ஒரு விடை கண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் வந்த ஹோண்டா ஆர்எஸ்150ஆர், உள்வால்வுகளுக்கு ஒன்றும் வெளிவால்வுகளுக்கு ஒன்றுமாக இரு நெம்புருள் தண்டுகளைக் கொண்டது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் வந்த யமஹா ஒய்16இசட்ஆர், உள்வால்வுக்கு இரு வடிவ நெம்புருள்களை ஒரே தண்டில் கொண்டது. கீழ்ச்சுற்றில் அடக்கமான ஒன்று பணி செய்யும். சுற்று உயர்ந்ததும் மற்றொன்று பொறுப்பேற்கும். பாரம் சுமந்த தந்தையின் நெம்புருளும், வேகம் விரும்பிய மகனின் நெம்புருளும் ஒரே தண்டில் அடுத்தடுத்து அமர்ந்துள்ளன. எஞ்சின் செய்துகொண்ட இச்சமரசத்தை வீடுகளும் பள்ளிகளும் செய்துகொள்ளலாகாதா?

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. நான்காம், ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கோணமும் பாகையும் கற்பிக்கும்போது, கரும்பலகையில் ஒரு நெம்புருளையும் வரைந்து காட்டுங்கள். நெம்புருள் என்ற சொல்லையும் எழுதுங்கள். பட்டறையில் கேம் என்பர் என்றும் சொல்லுங்கள். தொழில் செய்வோர் நாவில் உள்ள சொல்லும் நூலில் உள்ள சொல்லும் ஒன்றையொன்று அறிந்திருத்தல் மொழிக்கு வலிமை. வகுப்பின் பின்வரிசையில் எப்போதும் எதையேனும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கும் ஒரு மாணவன் இருப்பான். அன்று அவன் தலை நிமிர்ந்து பார்ப்பான். அவனை அப்போது பெயர் சொல்லி அழையுங்கள்.

எங்கள் பள்ளியின் பாலர் பள்ளிக்கு வண்ணக் களிமண் வாங்கும்போதெல்லாம் இப்போது ஒரு பெட்டி கூடுதலாக என் சொந்தப் பணத்தில் வாங்குகிறேன். பாகான் நக்கோடா ஓமார் பட்டறையில் அது செலவாகிறது.